மருந்தும் வழிபாடும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளநலம் பற்றிப் பேசவேண்டுமென்று சங்கச் செயலாளர் கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். நான் வைத்தியனல்லேன், பள்ளிக்கூடத்திலே கணக்குப் படிப்பித்தவன். பின்னர் யோசித்துப் பார்த்தேன். இப்பொருளிலே நான் கற்ற பாடம் ஒன்றுண்டு. அதற்கு விலை கொடுத்தவன் என் மாணாக்கன் ஒருவன். ஆகவே அதைச் சொல்லாமல் இருப்பதே பிழை என்று துணிந்து வந்திருக்கிறேன்.

அவன் பெயர் வேண்டாம். படிப்பிலே கெட்டிக்காரன். துறைமுகப் பக்கத்திலே ஒரு வேலையில் அமர்ந்தான். இருபத்திரண்டாம் வயதில் இராத்தூக்கத்தை இழந்தான். ஆளில்லாத அறையிலே யாரோ தன்னை ஏசுவதாகச் சொன்னான். தாய் சமைத்த சோற்றிலே நஞ்சு கலந்திருக்கிறதென்றான். வீட்டார் இதைச் செய்வினை என்று கருதினர். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், கோயில் கோயிலாகக் கொண்டு திரிந்தார்கள். தாயின் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. பதினொரு மாதம் இப்படியே கழிந்தது. பின்பு அயலிலுள்ள தாதி ஒருவரின் சொற்கேட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். மூன்று மாதத்தில் பையன் தானாகவே குளித்து, சைக்கிளேறி வேலைக்குப் போகத் தொடங்கினான்.

எல்லோரும் மகிழ்ந்தோம். "சுகம் வந்துவிட்டதே, இனி ஏன் இந்த இங்கிலீசு மருந்து? கந்தசஷ்டி வருகிறது, விரதம் பிடிக்கட்டும், முருகன் பார்த்துக்கொள்வான்" என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். மாத்திரை நின்றது. இரண்டாம் மாதம் நோய் முன்னையிலும் கடுமையாகத் திரும்பியது. இன்று அவன் மருந்தோடு சுகமாக இருக்கிறான். ஆயினும் போன வேலை போனதுதான். முருகன் கைவிட்டான் என்று நான் ஒருபோதும் சொல்லேன். மருந்தை நிறுத்தச் சொன்னது முருகனல்ல, நான்.

நிற்க. மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு பகுதி சொல்லுகிறார். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பணி செய்பவன் என்பன அவை. உளநோய்க்கும் இந்நான்கும் வேண்டும். நாம் செய்யும் பிழையோ, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வெட்டுவது.

முதலில் வைத்தியர் பக்கத்தைப் பார்ப்போம். உளநலத் துறையிலே பணிபுரிவோர் எல்லோரும் ஒரே வேலை செய்பவரல்லர். மனநல மருத்துவர் என்பவர் ஏனைய டாக்டர்களைப் போலவே முழு வைத்தியப் படிப்பும் முடித்து, அதன்மேல் இத்துறையிலே பல வருடம் பயின்றவர். நோயை நிர்ணயிப்பதும் மருந்தெழுதுவதும் அவர் கடமை. அவர் இல்லாத சிறிய வைத்தியசாலைகளிலே உளநல வைத்திய அதிகாரிகள் அப்பணியின் ஒரு பங்கைச் செய்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் மருந்தெழுதுவதில்லை. மனத்தின் போக்கை அளந்தறிந்து, பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்பவர். உளவளத்துணையாளர் துன்பத்திலிருப்பவர் தம் வழியைத் தாமே காணத் துணைநிற்பவர். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டு நிலையையும் வருவாயையும் கவனிப்பவர். தொழிற்சிகிச்சையாளர் நோயாளியை மீண்டும் கைவேலைக்குப் பழக்குபவர். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின், சில நாட் பயிற்சி பெற்றவர்களும் ஆலோசகர் என்று இக்கரையோரம் எங்கும் வந்தார்கள். நல்லெண்ணம் இருந்தது, ஆயினும் நல்லெண்ணம் படிப்பாகாது. ஆகையால், "நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே பதிவு பெற்றீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

அந்த வாசலுக்குப் போக நாம் அஞ்சுவதற்கும் காரணமுண்டு. இந்நாட்டில் 1873இல் பைத்தியரைப் பற்றிய சட்டம் வந்தது. 1926இல் அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்டது. நெடுங்காலம் உளநோயென்றால் கொழும்புப் பக்கம் அனுப்புவதே வழக்கம். இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம் போனவர் பலர் திரும்பவில்லை. அங்கொடை என்பது வசைச்சொல்லாயிற்று. இன்றும் பிள்ளைகள் விளையாட்டிலே அச்சொல்லைச் சொல்லி ஏசுகிறார்கள். 2005இல் அரசாங்கம் புதிய உளநலக் கொள்கை வகுத்து, சிகிச்சையை மாவட்டந்தோறும் கொண்டுவர முயன்றது. இன்று நம் பட்டினத்துப் பொது வைத்தியசாலையிலேயே கிளினிக்குக்குப் போய் மாலைக்குள் வீடு திரும்பலாம். பெரும்பாலான நோயாளர்க்கு விடுதியிலே தங்கவேண்டிய தேவையே இல்லை. நம் பயம் மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். கோயிலும் கிரியையும் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் உண்மையை முழுதும் அறியார். தமிழ்நாட்டிலே திண்டுக்கல் பக்கத்தில் முத்துசாமி கோயில் என்றொன்று உண்டு. உளநோயாளர் அங்கே உறவினரோடு வந்து தங்குவது வழக்கம். பெங்களூரைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் அங்கு தங்கிய 31 பேரைப் பரிசோதித்தனர். பெரும்பாலானோர் கடும் உளநோய் உடையவர்கள். அங்கே மருந்தில்லை, அடியில்லை, சங்கிலியில்லை. காலையில் வழிபாடு, பிறகு கோயிலைக் கூட்டுதல், செடிக்கு நீரூற்றல் போன்ற சிறு வேலை, அவ்வளவே. சராசரி ஆறு வாரத்தில் நோயின் அறிகுறிகள் ஐந்திலொரு பங்களவு குறைந்திருந்தன. 2002இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகை ஒன்றில் இதை வெளியிட்டார்கள். அச்சுறுத்தாத இடமும் கூடவே இருந்த உறவும் செய்த நன்மை இது என்பது அவர்கள் கருத்து.

ஆனால் கணக்கு வாத்தியார் ஒரு சொல் சொல்லவேண்டும். 31 பேர் சிறு தொகை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் இல்லை. ஐந்திலொரு பங்கு குறைந்ததென்றால் நாலு பங்கு மிச்சமுண்டு. ஆகவே இது வழிபாட்டுக்குச் சாட்சி. மருந்தை நிறுத்துவதற்குச் சாட்சியன்று.

அதே தமிழ்நாட்டிலே வேறொரு காட்சி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, தர்காவை நாடி வந்த உளநோயாளரைத் தனியார் காப்பகங்களிலே சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. கட்டுண்டவர் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். இது ஒரு சமயத்தின் குற்றமன்று. எச்சமயத்தார் வீட்டிலும் சங்கிலி இருக்கலாம். அங்கே பின்னர் நடந்தது மிகவும் கவனிக்கத்தக்கது. குஜராத்திலே உனாவா தர்காவில் முன்பே தொடங்கியிருந்த 'தவா–துவா' என்னும் முறை ஏர்வாடிக்கும் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தொழ வந்தவரைத் தடுக்காமல், அவ்வாசலிலேயே டாக்டரை வைத்தார்கள். நம் கோயில் வீதியிலும் இப்படியொன்று அமைந்தாலென்ன என்று நான் எண்ணுவதுண்டு.

நம் மண்ணுக்கு வருவோம். கன்னியாயிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடமென்பது ஐதிகம். முப்பத்தோராம் நாள் அங்கே அந்தியேட்டி செய்து நீராடி வருவது நம்மவர் வழக்கம். அழுவதற்கு ஒரு நாள், அழுகையை நிறுத்தி உலைவைப்பதற்கு ஒரு நாள் என்று முன்னோர் வகுத்தார்கள். துக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எந்த மருந்துக்கடையிலும் இல்லை. ஆனால் காணாமற் போனவரின் தாய் எந்த நாளை முப்பத்தோராம் நாளென்று எண்ணுவாள்? 1990களில் மட்டக்களப்புப் பகுதியிலே ஆய்வு செய்த பற்றீசியா லோறன்ஸ் என்னும் அம்மையார், அத்தகைய தாய்மார் அம்மன் கோயில்களிலே வாக்குக் கேட்டு நின்றதையும், வெளியே பேச அஞ்சிய துயரம் அங்கே வாய் திறந்ததையும் எழுதியுள்ளார். யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனப்பதற்றம் கொண்டோர்க்கு அவரவர் சமயத்து மந்திரத்தையோ செபத்தையோ அமைதியாக ஓதும் பயிற்சியைச் சிகிச்சையின் பகுதியாகவே கொடுத்தார். சைவர்க்கும் இஸ்லாமியர்க்கும் கிறித்தவர்க்கும் அது பொருந்தியது. ஆகவே படித்த வைத்தியர் கோயிலுக்குப் பகையென்று எண்ணவேண்டாம்.

நம் சித்த வைத்தியத்தையும் மறத்தலாகாது. சர்ப்பகந்தா வேரைக் கிறுக்குக்குக் கொடுப்பது பழைய வழக்கம். 1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் அதன் குணத்தை எழுதினர். 1952இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்னும் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டது; உளநோய்க்கு முதன்முதல் வந்த புதுமருந்துகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அதுவே இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். மனச்சோர்வை உண்டாக்கக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். வேர்தானே, தழைதானே என்று அளவின்றி உண்ணலாகாது. நாட்டு வைத்தியர் தரும் மருந்தை டாக்டரிடமும், டாக்டர் தரும் மருந்தை நாட்டு வைத்தியரிடமும் மறையாமல் சொல்லவேண்டும்.

விரதத்துக்கும் இதுவே விதி. லித்தியம் என்னும் மருந்தை உட்கொள்வோர் உண்டு. உடம்பிலே நீரும் உப்பும் குறைந்தால் அம்மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். தண்ணீரும் பருகாத விரதம் அவர்க்கு ஆபத்து. டாக்டரைக் கேட்டு, பால் பழத்தோடோ ஒருவேளை உணவோடோ விரதமிருக்கலாம். நோயாளியின் உயிரைக் கேட்கும் விரதம் ஒன்றும் நம் சமயத்தில் இல்லை.

இளைஞர்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. தோழன் ஒருவன் தூக்கமிழந்து, ஒதுங்கி, இல்லாத குரல் கேட்கிறதென்றால் காலந்தாழ்த்தாதீர்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகக் குணமும் தாமதமாகும். நேர்த்தியை இன்று வையுங்கள். கிளினிக்குக்கும் இந்த வாரமே போங்கள். அடிப்பதையும் கட்டுவதையும் பட்டினி போடுவதையும் யார் சொன்னாலும் தடுத்து நில்லுங்கள். மருந்தை நிறுத்தும் அதிகாரம் எழுதிய வைத்தியர்க்கே உண்டு. பூசாரியார்க்குமில்லை, சாத்திரியார்க்குமில்லை, வாத்தியார்க்குமில்லை. சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் விளையாட்டென்று விடாதீர்கள், பக்கத்திலே இருங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

வள்ளுவர் சொன்ன நாலாவது ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தியராக எல்லோராலும் ஆக முடியாது. பக்கத்திலே நிற்பவனாக யாவராலும் ஆக முடியும். கிளினிக் நாளிலே சைக்கிளில் ஏற்றிப்போக ஒருவன், மாத்திரையை ஞாபகப்படுத்த ஒருவன், சுகமானபின் கோயில் தொண்டுக்கு மறுபடி அழைக்க ஒருவன், இத்தகையோர் இச்சங்கத்திலே பத்துப்பேர் இருந்தால் போதும். என் மாணாக்கனுக்கு அன்று அப்படி ஒருவன் இருந்திருக்கலாம். அந்த ஒருவன் நானாகவே இருந்திருக்கலாம்.