வருவேன் என்றால் வர வேண்டும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறோம், கட்டணம் கட்டுகிறோம். பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுப்பவர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

1904-இல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் எர்னஸ்ட் கூல்டர். வழக்கில் சிக்கி வரும் பையன்களை அன்றாடம் பார்த்தவர். ஒவ்வொரு பையனுக்கும் அண்ணன்போல ஒரு பெரியவர் துணை நின்றால் அவன் மறுபடியும் அங்கே வர மாட்டான் என்று நம்பி ஆள் திரட்டினார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பு.

பிற்காலத்தில் இந்தத் துணை பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்தது. வாரம் ஒரு நாள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். நூலகத்தின் ஒரு மூலையில் தன்னார்வலரும் பிள்ளையும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்ப்பார்கள், செஸ் ஆடுவார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பிள்ளைக்குத் துணை தேவை என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். வீட்டில் விண்ணப்பம் போட ஆள் இல்லாத பிள்ளைகூட இப்படி விட்டுப்போகாமல் சேர்ந்துவிடும்.

இதனால் பலன் உண்டா? 2007-இல் வெளியான ஓர் ஆய்வு 1,139 மாணவர்களைக் கவனித்தது. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு உடனே துணை கிடைத்தது. மறு பாதி காத்திருந்தது. கல்வியாண்டு முடிவில், துணை கிடைத்தவர்களின் வகுப்பு வேலை மேம்பட்டிருந்தது, பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்திருந்தது. ஆனால் கோடை விடுமுறை கழிந்து அடுத்த கல்வியாண்டு தொடங்கிச் சில மாதங்களில் பார்த்தபோது, அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. சந்திப்புகள் சில மாதங்களோடு நின்றுவிட்டதும், விடுமுறையில் தொடர்பு அற்றுப்போனதும் பலரின் நிலை.

இதைவிட நம்மை யோசிக்க வைப்பது 2002-இல் ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் வெளியிட்ட ஆய்வு. அது பள்ளிக்கு வெளியே நடக்கும் சந்திப்புகளைப் பற்றியது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகள் அதிக நன்மை பெற்றார்கள். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, தன்னைப் பற்றிய மதிப்பே அந்தப் பிள்ளைக்குக் குறைந்துபோனது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இத்தகைய திட்டங்களுக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே யாரோ ஒரு பெரியவரை இழந்தவர்கள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொன்னவர் வராவிட்டால், அவருக்கு அலுவலகத்தில் வேலை இருந்திருக்கும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றாது. 'என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்றுதான் தோன்றும்.

ஆகவே ஆள் சேர்ப்பதோடு திட்டம் முடிந்துவிடாது. வருகிறவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும். இருவரையும் அடிக்கடி விசாரித்து, உறவு தளரும்போதே தூக்கி நிறுத்த ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். விடுமுறையிலும், பெற்றோருக்கும் பள்ளிக்கும் தெரிந்து, ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போக வேண்டும். விலக நேர்ந்தால் நேரில் வந்து, காரணம் சொல்லி, விடைபெற்றுப் போக வேண்டும். பிள்ளைக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் துணையாக நிற்க நினைத்தால், முதலில் உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். இடமாற்றம் வரப்போகிறதா, வேலைப்பளு கூடுமா என்று யோசியுங்கள். ஓராண்டு உறுதியாக முடியாது என்றால் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அதுவும் நல்ல உதவிதான். முடியும் என்றால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பெரிய படிப்போ பேச்சுத் திறமையோ தேவையில்லை. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.