துப்பாக்கி யார் கையில்?

(திருப்பரங்குன்றம் கிளைக் கூட்டத்தில் பேசியது)



துப்பாக்கி வைத்துக்கொள்வது பிரஜையின் அடிப்படை உரிமையா? அமெரிக்காவில் இது ஓயாத வழக்கு. 1791-ல் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் இந்த உரிமையைத் தனிமனிதனுக்கே தருகிறது என்று, 2008-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் தீர்ப்பளித்தார்கள். நால்வர் மறுத்தார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டோ, அப்படி ஓர் அடிப்படை உரிமை இங்கே கிடையாது என்று 2023-ல் சொல்லிவிட்டது.

இதற்கு நம் சீமையிலேயே பூர்வகதை உண்டு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கும்பெனி, டிசம்பர் 1-ந் தேதி தென்சீமை ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்துப் பிரகடனம் போட்டது. 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கியது. வெள்ளைக்காரனுக்கு மட்டும் விலக்கு! அந்த அவமானம் உறுத்தியதால்தான், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931-ல் கராச்சி காங்கிரஸ் தன் தீர்மானத்தில் எழுதியது.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். கொள்ளைக்காரனும் இதே உரிமையைக் கேட்பானே என்று அம்பேத்கர் எதிர்த்தார். திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் 19-வது ஷரத்து நமக்குத் தருகிறது.

அம்பேத்கர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. உரிமை என்று ஏட்டில் எழுதினால் ஏழை வீட்டுக்குத் துப்பாக்கி வந்துவிடுமா? பணம் உள்ளவன் வீட்டுக்குத்தான் முதலில் போகும். அமெரிக்காவையே பாருங்கள். 1967-ல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கி ஏந்தித் தெருவில் நின்றார்கள். உடனே, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடத் தடைச் சட்டம் வந்தது. கவர்னர் ரீகன் கையெழுத்திட்டார். கறுப்பர் கைக்கு வந்ததும் உரிமை சுருங்கிவிட்டது!

நம் நாட்டில்? 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணித் தொழிலாளர்கள் மீது நிலப்பிரபுக்களின் கும்பல் துப்பாக்கியோடு பாய்ந்தது. குடிசையில் ஒளிந்த 44 பேர் எரிந்து மாண்டார்கள்.

ஆகவே, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ல் வந்தன. அவற்றின் 3-வது விதி இன்னும் முக்கியமானது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறிந்த இடங்களில், அவசியமானால் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அல்லாதாரின் லைசென்ஸை ரத்து செய்து துப்பாக்கிகளைச் சர்க்கார் கிடங்கில் சேர்க்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அவசியமானால் தாழ்த்தப்பட்டோருக்கு லைசென்ஸ் தர வேண்டும்.

"அப்படியானால் நாமே வாங்கிக்கொள்ளலாமே" என்று வாலிபத் தோழர்கள் கேட்கலாம். சேரியில் ஒரு துப்பாக்கி வந்தால் பெரிய வீட்டில் நாலு துப்பாக்கி வரும். பிறகு கேஸ் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும், மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் கொன்றது அரிவாள்தான். பஸ்ஸில் வழிமறித்து வெட்டும் கும்பலை வீட்டில் தொங்கும் துப்பாக்கி தடுக்காது. ஊர் ஒற்றுமையும், சர்க்காரைக் கடமை செய்ய வைக்கும் சங்கமும்தான் தடுக்கும்.

ஆகவே நம் வேலை இது. நம் வட்டாரத்தில் எத்தனை லைசென்ஸ் இருக்கிறது என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். மிரட்டல் வந்த ஊரில் ஆண்களும் பெண்களும் திரண்டு கலெக்டரிடம் போங்கள். மனுவில் 3-வது விதி என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அவர்கள் துப்பாக்கி கிடங்குக்குப் போகும் வரை விடாதீர்கள்!