நடுவில் வரும் பந்து யாருக்கு?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றித்தான் கதைப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் கதைக்க வந்தது பிக்கிள்போல் பற்றி. பெயரைக் கேட்டதும் அம்மா, "ஊறுகாய் போடுற வேலையோ?" என்று கேட்டா.

1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கிய விளையாட்டு இது. மேசைப்பந்து மட்டையைவிடப் பெரிய மட்டை, துளைகள் உள்ள பிளாஸ்ரிக் பந்து, மூன்றடி உயர வலை. வழக்கமாக 11 புள்ளிகளுக்கு ஆடுவார்கள்.

சென்ற வருடம் கனடாவில் தங்கை வீட்டுக்குப் போனபோது நானும் கணவரும் கலப்பு இரட்டையர் ஆடினோம். எதிரே தங்கையின் மகனும் மகளும். எங்கள் இருவருக்கும் நடுவே வந்த முதல் பந்துக்கே இவர், "நீர் விடும், நான் எடுக்கிறன்" என்றார். பிறகு அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை, நானாகவே ஒதுங்கினேன். முடிவில் நான் ஓரக்கோட்டில் நின்றேன். இவர் மைதானம் முழுக்க ஓடி மூச்சிரைத்தார். 11-2.

"பெரியம்மா, நீங்கள் ஏன் 'எனக்கு' எண்டு கத்தேல்லை?" என்று கேட்டாள் தங்கையின் மகள்.

விபத்துப் பிரிவில் நள்ளிரவில் நாலு பேருக்குக் கட்டளையிடுகிற வாய் இது. அன்று திறக்கவில்லை.

மரத்தடியில் வகுப்பு நடந்த காலத்திலும் நாங்கள் பனங்குற்றியில் வளையம் கட்டி வலைப்பந்து ஆடியவர்கள். அங்கே நெஞ்சில் குத்திய எழுத்து எங்கள் இடத்தைச் சொல்லும். மேசைப்பந்து இரட்டையரில் துணைவர்கள் மாறி மாறித்தான் அடிக்கவேண்டும். 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் சென்னையின் சரத் கமல் 40 வயதில், 24 வயது ஸ்ரீஜா அகுலாவுடன் கலப்பு இரட்டையர் தங்கம் வென்றார். அங்கே ஸ்ரீஜாவின் பங்கை விதியே காத்தது. பிக்கிள்போலில் அப்படியொரு விதி இல்லை. முதல் இரண்டு அடிகளுக்குப் பின் யாரும் எந்தப் பந்தையும் எடுக்கலாம். எங்கள் பங்கை நாங்களே வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

அன்றிரவு நானும் இவரும் பேசி முடிவெடுத்தோம். இருவரும் வலக்கைக்காரர், ஆகவே நடுப்பந்து இடப்பக்கம் நிற்பவருக்கு. மற்றவர் எடுப்பதென்றால் முதலே "எனக்கு" என்று சொல்லவேண்டும். அடுத்த நாளும் தோற்றோம், 11-8. ஆனால் இவருக்கு மூச்சிரைக்கவில்லை, எனக்குத்தான் இரைத்தது.

சகோதரிகளே, பாடசாலையோடு நாங்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டோம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வளர்ந்தவர்களுக்குத் தேவை. மாதவிடாய் நின்றபின் எலும்பும் வலிமை குறையும். எங்கள் பட்மின்டன் மைதானம் 44 அடி நீளம், 20 அடி அகலம். பிக்கிள்போலுக்கும் அதே அளவுதான். வலையை இறக்கி, வலையிலிருந்து ஏழு அடியில் சோக்கால் ஒரு கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டுக்குள் நின்று, நிலத்தில் விழாத பந்தை அடிக்கக்கூடாது. வைத்தியராக ஒன்று: தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பின்பக்கமாக நடக்காதீர்கள், திரும்பி ஓடுங்கள். பின்பக்கமாக விழுந்து கையூன்றினால் மணிக்கட்டு முறியும்.

நான்கு மட்டைகள் கொண்டுவந்திருக்கிறேன். சனி மாலைகளில் மைதானத்தைத் தரும்படி அதிபரைக் கேட்டுக்கொள்கிறேன். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருப்பவர்கள் கணவர்மாரையும் அண்ணன் தம்பிமாரையும் கூட்டிவாருங்கள். முதல் பந்து நடுவில் வரும்போது ஒதுங்காதீர்கள்.