சோறூட்டியபின் குழந்தைக்கு என்ன ஊட்டுவது?

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



இறைவன் சந்நிதியில் மழலையை மடியில் இருத்திச் சர்க்கரைப் பொங்கலை அதன் நாவில் தடவும் அன்னப் பிராசனச் சடங்கு யாவரும் அறிந்ததே. பெரும்பாலும் ஆறாம் மாதத்தையொட்டியே அது நிகழும். முன்னோர் எதனைக் கருதி அம்மாதத்தைத் தேர்ந்தனரோ, இன்றைய மருத்துவமும் அதனையே சுட்டுகிறது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலுடன் பிற உணவும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்குரிய காரணங்களுள் தலையாயது இரும்புச் சத்து.

கருவில் வளரும் சிசு, சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயிடமிருந்து இரும்பைப் பெற்றுச் சேமித்துக்கொள்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு அச்சேமிப்பு நான்கு முதல் ஆறு மாதங்களுக்குப் போதும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ அது முன்னதாகவே தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்கு உட்கொள்ளப்படுவது உண்மையே. எனினும் அதன் அளவு லிட்டருக்கு அரை மில்லிகிராமும் இராது. ஓராண்டுக்குள் குழந்தையின் எடை ஏறத்தாழ மும்மடங்காகிறது. குருதியும் அதற்கேற்பப் பெருக வேண்டும். அமெரிக்க உணவு அட்டவணையின்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை. வளர்ந்த ஆடவனுக்கு 8 மில்லிகிராமே போதும்! அப்பனைவிடப் பிள்ளைக்கு அதிகம் வேண்டியிருக்கிறது.

ஆனால் இல்லங்களில் நடப்பது என்ன? முதல் கவளம் மேளதாளத்துடன் ஊட்டப்பெறுகிறது. மறுநாள் முதல் சோற்றுக் கஞ்சியும் பருப்புத் தெளிவுமே. தெளிவில் நீர் இருக்கும். பருப்பு அடியில் தங்கிவிடும். பிள்ளை சரியாக உண்ணவில்லை என்றதும் மீண்டும் பால் போத்தல் வருகிறது. பால்குடம் சுமந்து வழிபடும் சமுதாயத்தில் பாலைக் குறைகூறுவது எளிதன்று. ஆயினும் பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஓராண்டு நிறையாத சில குழந்தைகளின் குடலில் அது கண்ணுக்குத் தெரியாத குருதிக் கசிவையும் உண்டாக்கும். ஆகவே ஓராண்டுவரை அதனை முதன்மைப் பானமாகத் தருதல் கூடாது. பின்னரும் நாளுக்கு அரை லிட்டர் அளவோடு நிற்பது நன்று. பாலால் வயிறு நிறைந்த குழந்தை கொழுகொழுவெனக் காணப்படும். அதன் உள்ளங்கையும் கீழிமையின் உட்புறமும் வெளுத்திருப்பதை எவரும் கவனிப்பதில்லை.

குழந்தைப் பாலைப் பற்றிய எச்சரிக்கை இம்மண்ணுக்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலை விடுத்துச் சீனி சேர்த்த டின் பாலைச் சிசுக்களுக்குப் புகட்டும் வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார்.

இரத்த சோகை என்பது வெறும் சோர்வன்று. மூளை விரைந்து வளரும் பருவம் அது. அப்போது நீடிக்கும் இரும்புக் குறைவு, கற்கும் திறனையும் கவனத்தையும் தாக்கும். பிற்பாடு மருந்து கொடுத்துக் குருதி தேறினாலும் இழந்தது முழுவதும் மீளாமற் போகலாம். 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை என 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது. மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ தின்னும் பிள்ளையை அடிப்பதை விடுத்து, கிளினிக்குக்கு அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பதே தகும்.

அசைவம் உண்ணும் குடும்பத்தினர் ஆறாம் மாதம் முதலே கோழி, ஆட்டிறைச்சி, மீன் ஆகியவற்றை நன்கு வேகவைத்து மசித்துக் கஞ்சியில் சேர்க்கலாம். பல் முளைக்கட்டும் எனக் காத்திருத்தல் வேண்டா. சைவக் குடும்பத்தினர் சற்றுக் கூடுதல் கவனம் கொள்ளல் வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கே உடலில் சேர்கிறது. கீரையை மட்டும் நம்புவது போதாது. பருப்பையும் பயற்றையும் கெட்டியாக மசித்து, உடன் பப்பாளி, கொய்யா, ஆரஞ்சு போன்ற பழங்களில் ஒன்றைத் தந்தால், பழத்திலுள்ள வைட்டமின் சி அவ்விரும்பை உடலில் சேர்க்கும். இரும்பூட்டப்பெற்ற குழந்தைத் தானிய உணவும் உதவும். மாறாகத் தேத்தண்ணீரில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுக்கும் பாட்டிமார் பாசத்தால்தான் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் தேயிலை இரும்பைத் தடுத்துவிடுகிறது.

இரும்பு மருந்தைத் தாமாகவே வாங்கிப் புகட்டுதல் தவறு. தலசீமியாக் கூறுடையோருக்கும் குருதியணுக்கள் சிறுத்து வெளிறியே தோன்றும். நம் வட்டாரத்தில் அக்கூறு அரிதன்று. எதுவென அறியாமல் மருந்து தருவதால் பயனில்லை. மருத்துவர் தரும் மருந்தை, முகம் தெளிந்துவிட்டதென்று இடையில் நிறுத்தாமல், சேமிப்பு நிரம்பும்வரை சில மாதங்கள் தொடர வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தாய் உட்கொள்ளும் இரும்பு மாத்திரைகளை மட்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். மிட்டாய் என்றெண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கிய பிள்ளைக்கு அவை உயிர் பறிக்கும் நஞ்சாகும்.