வாயிற்படி நகரம்

செக் நாட்டின் தலைநகரை நாம் ஆங்கிலேயரைப் பின்பற்றிப் பிராக் என்கிறோம். அந்நாட்டார் பிராஹா என்பர். வாயிற்படியைக் குறிக்கும் செக் சொல்லினின்றும் இப்பெயர் பிறந்தது என்பது அங்கு வழங்கும் கதை. லிபூஷே என்னும் அரசி, காட்டினுள் ஒருவன் தன் வீட்டிற்கு வாயிற்படி செதுக்கிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள், அவ்விடத்தே நகர் அமையுங்கள் என்று ஏவலரை அனுப்பினாளாம். மொழிநூலார் இதை எளிதில் ஒப்புவதில்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கோ, கதையே ஆயினும் விட மனமில்லை. தமிழாராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற கமில் சுவலபில் 1927-இல் இந்நகரில் பிறந்தவர் என்பதும், புறப்படும்போதே என் நெஞ்சில் இருந்தது.

இளவேனிற்காலத்தில் ஒரு வாரம் அங்கே தங்கினேன். முதல் நாள் விடியற்காலையில் சார்லஸ் பாலத்திற்குச் சென்றேன். நான்காம் சார்லஸ் மன்னன் 1357-இல் தொடங்கிய கற்பாலம் அது. பகலில் அங்குக் கால் வைக்க இடமிராது. ஆதலின் அந்நேரமே செல்க என்பது என் பரிந்துரை. வல்தாவா ஆற்றின்மேல் மூடுபனி படிந்திருக்க, இரு மருங்கும் நிற்கும் முப்பது சிலைத் தொகுதிகளும் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவற்றுள் ஒன்று நெபோமுக் யோவானுடையது. மன்னனின் சினத்துக்கு ஆளாகி, 1393-இல் இப்பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார் அவர். அரசியின் பாவமன்னிப்பு இரகசியத்தை வெளியிட மறுத்தமையே காரணம் என்பர். அச்சிலையின் அடியிலுள்ள வெண்கலத் தகட்டை வழிப்போக்கர் தொட்டுத் தொட்டு, அது நம் கோயிற்கதவுக் குமிழ்போல் பளபளக்கிறது. நானும் தொட்டேன், மறுப்பானேன்?

பாலத்தைக் கடந்து கோட்டையை நோக்கி ஏறினால் நெருடோவா தெரு வரும். 1770-இல் வீட்டு எண்கள் வரும்வரை, அங்குள்ள வீடுகளை வாயிலின்மேல் அமைந்த சின்னங்களைக்கொண்டே அறிந்தனர். மூன்று பிடில் வீடு, இரண்டு சூரியன் வீடு, சிவப்பு ஆட்டுக்குட்டி வீடு என்று பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. தில்லியில் கோப்பெண்ணுக்கும் அறையெண்ணுக்கும் இடையே காலங்கழிக்கும் என்னை அத்தெருவிலிருந்து பெயர்த்தெடுப்பதே அரிதாயிற்று.

மறுநாள் பிற்பகல், ஆற்றின் மறுகரையில் உள்ள பழைய யூதர் குடியிருப்புக்குச் சென்றேன். அங்கே பிங்காஸ் என்னும் பதினாறாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் உள்ளது. உள்ளே நுழைந்தவுடன், சுவர்களில் ஏதோ நுண்ணிய பூவேலை செய்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். அருகில் சென்று பார்த்தால், அத்தனையும் பெயர்கள். நாஜிகளால் மாண்ட பொஹீமியா, மொராவியா யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், பிறந்த நாளும் இறுதியாக உயிரோடிருந்ததாக அறியப்பட்ட நாளுமாக, ஊர்வாரியாகக் கையால் எழுதப்பட்டுள்ளன.

முதலில் இவை 1954 முதல் 1959 வரை எழுதப்பட்டன. சுவரில் நீர் கசிகிறது என்று 1968-இல் கூடத்தை மூடினார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் அது திறக்கப்படவில்லை, எழுத்துகளும் அழிந்துபோயின. 1989-இல் ஆட்சி மாறிய பின்னர், 1992 முதல் 1996 வரை அத்தனை பெயர்களையும் மீண்டும் எழுதினார்கள். 2002-ஆம் ஆண்டு வெள்ளம் சுவரின் கீழ்ப்பகுதியை நனைத்தது. அதையும் செப்பனிட்டனர்.

மாடியில், தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த ஓவியங்களைக் கண்டேன். அவர்களுக்குச் சித்திரம் பயிற்றிய பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் அம்மையார், 1944-இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு செல்லப்படுமுன் அவற்றை இரு பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார். பட்டாம்பூச்சி, வீடு, புகைபோக்கி, கதவு. எல்லாக் குழந்தைகளும் வரைவனவே.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நீண்ட பெயர்ப்பட்டியலைத் தமிழாக்க நேரும்போது, நான்கைந்து பெயர்களை எழுதி, ‘முதலியோர்’ என்று முடித்துவிடுவது என் வழக்கம். விபத்தொன்றில் இறந்தோர் பட்டியலையும் ஒருமுறை அவ்வாறே சுருக்கினேன். ஒருவரும் குறை கூறவில்லை. அதை நான் திறமை என்றே கொண்டிருந்தேன். அச்சுவர்களில் ‘முதலியோர்’ என்னும் சொல் எங்கும் இல்லை.

ஓர் ஊரின் பெயர்களையேனும் முழுதும் படித்துவிடுவதென்று ஒரு மூலையில் நின்றேன். உச்சரிப்புப் பிழைகளோடு, வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐந்து வரி முடிவதற்குள் காவலர் வந்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். விரல் வைத்திருந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் காலை, கதவு திறக்குமுன்பே அங்குச் சென்று நின்றேன்.