கணினிக்குக் காது கேட்கவில்லையா?

மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் கடலோரச் சாலையில், மெர்லிமாவைத் தாண்டினால் சுங்கை ரம்பாய் வரும். அந்தப் பக்கத்தில் எனக்கு உறவுமுறையில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பால்மரம் வெட்டிய காலத்துப் பாட்டுகள், பிள்ளைகளைத் தூங்க வைத்த தாலாட்டுகள் எல்லாம் அவர் நெஞ்சில் இருக்கின்றன. ஏட்டில் ஒன்றுகூட இல்லை. ஒரு பள்ளி விடுமுறையில் அவருடைய பேத்தி அவற்றைப் பதிவு செய்துவிடத் தீர்மானித்தாள். மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. மைக்கும் இருந்தது. அதைச் செருகினாள், பதிவு மென்பொருளைத் திறந்தாள், சிவப்புப் பொத்தானை அழுத்தி, "பாடுங்க பாட்டி" என்றாள்.

பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது: பதிவுக் கருவியைத் திறக்க முடியவில்லை! அந்த நேரத்தில் நிறுத்தச் சொல்ல யாருக்கு மனம் வரும்? தாலாட்டு முழுவதும் காற்றோடு போயிற்று.

மறுநாள் தகப்பனார் மைக்கைக் கடைக்கு எடுத்துப் போனார். "மைக் போய்விட்டது" என்றார்கள். புதியது வாங்கினார். அதுவும் பேசவில்லை. "அப்படியானால் கணினிக்குள்ளே பழுது" என்றார்கள். நல்ல வேளையாக, அதற்கும் பணம் கட்டுமுன் நான் போய்ச் சேர்ந்தேன். பழுது எங்கே இருந்தது தெரியுமா? எங்குமே இல்லை. மைக்கைப் பயன்படுத்த அனுமதி தரும் ஒரு விசை கணினியில் மூடிக் கிடந்தது. அதைத் திறந்ததும் பழைய மைக்கும் பேசியது, புதிய மைக்கும் பேசியது. பாட்டி மறுபடி பாடினார். ஆனால் முதல் நாள் தானாக வந்த இரண்டு அடிகள் வரவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். இன்றுவரை வரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2018 ஏப்ரல் மாதம் விண்டோஸ் பத்துக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதற்கு முன் அந்த விசை மூடியிருந்தாலும் பழைய வகை மென்பொருள்கள் மைக்கைப் பயன்படுத்த முடிந்தது. புதுப்பிப்புக்குப் பின் அவையும் விசைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஆயிற்று. நேற்று வரை பதிவு செய்த கணினி இன்று செவிடாகிவிட்டதே என்று உலகெங்கும் பலர் திகைத்தார்கள். நமக்குத் தெரியாமல் யாரும் நம் வீட்டுப் பேச்சைக் கேட்கக்கூடாது என்பதற்கான காவல்தான் அது. காவல் நல்லதுதான், ஆனால் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டது!

ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. பல்சக்கரப் படம் போட்ட 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போங்கள். அங்கே 'பிரைவசி' என்ற பிரிவில் 'மைக்ரோபோன்' என்று இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விசைகள் உண்டு. மேலே இருப்பதை மட்டும் திறந்துவிட்டு வந்துவிடாதீர்கள். கீழே, 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் திறக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து, அதே 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'சவுண்ட்', அதில் 'இன்புட்' என்ற இடத்துக்குப் போங்கள். உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். பேசும்போது அங்குள்ள அளவுக்கோடு ஏறி இறங்கினால் மைக்கும் கம்பியும் துளையும் நலமாக இருக்கின்றன என்று பொருள். கடைக்குப் போக வேண்டியதில்லை. குறை மென்பொருளில் இருக்கிறது.

ஒடாசிட்டி என்று ஒரு பதிவு மென்பொருள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது; காசு கொடுக்க வேண்டியதில்லை. அது திறக்கப்படும் நேரத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்துக்கொள்ளும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு வந்து நின்றால் என்ன ஆகும்? அதே கதைதான். மென்பொருளைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அதன் பெயர் பட்டியலில் இராது. மூடிவிட்டு மறுபடி திறங்கள். அல்லது 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். பிறகு பட்டியலில் சரியான மைக்கைத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினிக்குள்ளேயே ஒரு மைக் இருப்பதால், நாம் ஒன்றில் பேச, அது மற்றொன்றைக் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. வேறொரு மென்பொருள் மைக்கைப் பிடித்து வைத்திருந்தாலும் கிடைக்காது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு வீட்டிலிருந்தே பாடம் படித்த பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். மற்றவற்றை மூடிவிட்டுப் பாருங்கள்.

அளவுக்கோடு அசையவே இல்லையா? இப்போது கம்பியைப் பாருங்கள். முதலில் மைக்கிலேயே ஓசையை அடைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செருகியின் முனையை உற்றுப் பாருங்கள். கைத்தொலைபேசியோடு வரும் காதொலிக் கருவியின் செருகியில் பெரும்பாலும் மூன்று வளையக் கோடுகள் இருக்கும். அதாவது நான்கு பட்டைகள். கணினி மைக்கின் செருகியில் இரண்டு கோடுகள்தான். இளஞ்சிவப்புத் துளையும் பச்சைத் துளையும் தனித்தனியாக உள்ள மேசைக் கணினியில் மூன்று கோட்டுச் செருகியைச் செருகினால் காதில் பாட்டு கேட்கலாம், மைக் மட்டும் பேசாது. இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்புக் கம்பி வாங்கிப் போட்டால் போதும். இளஞ்சிவப்புதான் மைக்கின் துளை.

கோயில் திருவிழாவில் பேசும் பெரிய மைக்கை மாற்றுச் செருகி போட்டுக் கணினியில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனுள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. அது எழுப்பும் மின்சாரம் மிகச் சிறிது. ஒலிபெருக்கி இல்லாமல் கணினிக்கு அது முணுமுணுப்பாகவே கேட்கும். கணினிக்கென்று விற்கும் சிறு மைக் வேறு வகை. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் கண்டுபிடித்த வழியில், மின்னேற்றம் நிலைத்து நிற்கும் மெல்லிய ஏடு அதனுள் இருக்கிறது. அதோடு சேர்ந்த சிறு உறுப்பு வேலை செய்யக் கணினியே துளை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தருகிறது.

இத்தனையும் பார்த்த பிறகும் பேசாவிட்டால், அந்த மைக்கை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் பேசாவிட்டால் அப்புறம் கடைக்குப் போகலாம். அதுவரைக்கும் கைத்தொலைபேசியிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓசை சற்றுக் குறைந்தாலும் பாட்டு தப்பிவிடும்.

சுங்கை ரம்பாய்ப் பேத்தி இப்போதெல்லாம் முதலில் தன் பெயரையும் தேதியையும் சொல்லிப் பத்து விநாடி பதிகிறாள். அதைத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். பிறகுதான் பாட்டியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைக்கிறாள்.