திரும்பி வரத் தெரிந்த விமானி

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிச் சீனன்குடாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தேவாரமும் புராணமும் கேட்டுப் பழகிய இச்சபையில் ஆகாய விமானத்தைப் பற்றி ஒருவன் பேசவருகிறான் என்றதும் சிலர் முகத்தில் ஐயம் தோன்றுவதைக் காண்கிறேன். தலைப்பைத் தந்தவர் நமது செயலாளர். தந்தமைக்குக் காரணமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 7 ஆந் திகதி நமது விமானத் தளத்திலிருந்து எழுந்த பி.ரி. 6 பயிற்சி விமானமொன்று சில நிமிடங்களுக்குள் தளத்தின் எல்லைக்குள்ளேயே வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். அதற்கு முன், 2020 டிசம்பர் 15 ஆந் திகதி, இங்கிருந்து புறப்பட்ட அதே வகை விமானம் கந்தளாய்ப் பகுதியில் வீழ்ந்து, பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் விமானியொருவர் உயிரிழந்தார். நம் கூரைகளுக்கு மேலாகப் பறந்து பழகிய பிள்ளைகள் அவர்கள். அதன் பின்னர், வானத்தில் இரைச்சல் கேட்டால் வேலையை விட்டு நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் இவ்வூரில் பலருக்கு வந்துவிட்டது.

அந்நாட்களில் தேநீர்க் கடைகளில் இரண்டு பேச்சுக்கள் அடிபட்டன. ஒரு சாரார், "பழைய யந்திரம், வேறென்ன" என்றனர். மற்றவர், "விதி முடிந்துவிட்டது" என்றனர். அவ்விரு விபத்துக்களின் காரணத்தை ஆராய்வது அதற்கென நியமிக்கப்படும் விசாரணையாளரின் பொறுப்பு. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இருக்க, மேடையில் நின்று நான் ஊகம் பேசுவது அழகன்று. ஆனால் உலகெங்கும் சிறு விமானங்கள் பொதுவாக எதனால் விழுகின்றன என்பது மறைபொருளன்று. அமெரிக்காவில் தனியார் சிறு விமானங்களின் விபத்துக்களைத் தொகுத்து ஆண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். நான்கில் ஏறக்குறைய மூன்று பங்குக்கு விமானியின் செயலே காரணம் என்று அது மீண்டும் மீண்டும் காட்டிவந்திருக்கிறது. யந்திரக் கோளாறு சிறுபங்குதான். விதியென்று ஒரு பகுதி அங்கே இல்லை. விதியை நான் மறுக்க வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதும் மேலே கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

பெரிய விமானத்திலே இரண்டு விமானிகள், இரண்டு எஞ்சின்கள், தரையிலிருந்து வழிகாட்டுவோர், ‘இந்த வானிலையில் புறப்படாதே’ என்று தடுக்கும் கம்பனி விதிகள் எல்லாம் உண்டு. சிறு விமானத்தில் பெரும்பாலும் எஞ்சின் ஒன்று, தீர்மானிக்கும் தலையும் ஒன்று. அந்தத் தலை களைத்திருந்தால், அல்லது வீம்பு பிடித்திருந்தால், பக்கத்திலிருந்து சொல்ல ஆளில்லை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். விமானத்தை வானில் தாங்குவது எஞ்சின் என்று பலர் எண்ணுகிறார்கள். தாங்குவது சிறகு. எஞ்சின் நின்றாலும் சிறு விமானம் கல்லைப்போல விழாது. முகத்தைத் தாழ்த்திச் சறுக்கிக்கொண்டு இறங்கும். சிறகு தன் வேலையைக் கைவிட்டால்தான் ஆபத்து. பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு இது விளங்கும். முச்சை சரியாக இருந்தால் பட்டம் காற்றில் சாய்ந்து நிற்கும். பிழைத்தால் சுழன்று குத்தும். விமானச் சிறகும் அப்படியே. அது காற்றை எதிர்கொள்ளும் கோணம் 15, 16 பாகை அளவைத் தாண்டினால், சிறகின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிய்ந்து குழம்பிவிடும். தாங்கும் சக்தி திடீரெனக் குறைந்துவிடும். இதனை ‘ஸ்ரோல்’ என்பர். மோட்டார்க் கார் நின்றுபோவதற்கும் நாம் அந்தச் சொல்லையே வழங்குவதால் குழப்பம். இங்கே நிற்பது எஞ்சின் அன்று, சிறகின் தொழில்.

இதற்கு மருந்து எளிது. முகத்தைத் தாழ்த்தினால் சிறகு மீண்டும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில நூறு அடி உயரம் செலவாகும். மூவாயிரம் அடியில் அது ஒரு பாடம். முந்நூறு அடியில் அதுவே மரணம். 1980 ஜூன் 23 ஆந் திகதி டில்லியில் சஞ்சய் காந்தி சிறு விமானமொன்றில் தாழ்வான உயரத்தில் சாகசஞ் செய்கையில் வீழ்ந்து, உடனிருந்த விமானியோடு உயிரிழந்தார். மேலே செய்திருந்தால் பிழையைத் திருத்த இடமிருந்திருக்கும்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஓடுபாதையை விட்டு எழுந்து சில நூறு அடி ஏறியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானியின் நெஞ்சு என்ன சொல்லும்? "பின்னாலே நல்ல ஓடுபாதை கிடக்கிறது, திரும்பு" என்றே சொல்லும். வீட்டை விட்டுச் சற்றுத் தூரம் போனவன் மழை தொடங்கியதும் வீட்டுக்கே ஓடுவது போன்ற இயல்பு அது. திரும்பவேண்டுமானால் விமானத்தைச் சரிக்கவேண்டும். 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் திருப்பினால், சிறகு சுமக்கவேண்டிய பாரம் இரட்டிப்பாகிவிடும். எந்த வேகத்தில் சிறகு கைவிடுமோ அந்த வேகமும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உயர்ந்துவிடும். எஞ்சினோ இல்லை; வேகமோ குறைந்துகொண்டே போகிறது. பாதித் திருப்பத்தில் ஒரு சிறகு விழ, விமானம் சுழன்று தரையில் மோதும். ஆகையால், உயரம் போதாதபோது நேரே முன்னாலுள்ள வயலோ கடற்கரையோ பார்த்து இறங்கு, விமானம் போனால் போகட்டும் என்று கற்பிக்கிறார்கள். 2021 டிசம்பரிலே கட்டானைக்கு அண்மையில் கிம்புலாப்பிட்டியில் ஒரு செஸ்னா 172 விமானம் ஓடுபாதை இல்லாத வெளியிலே அவசரமாக இறங்கியது. விமானம் சேதமுற்றது, அதிலிருந்த நால்வரும் காயங்களுடன் உயிர்தப்பினர்.

எஞ்சின் ஏன் நிற்கிறது? இரும்பு உடைந்து நிற்பது குறைவு. பெற்றோல் தீர்ந்து நிற்பதும், ஒரு தாங்கியில் தீர்ந்தபின் மற்றதற்கு மாற்றாமல் நிற்பதும், பெற்றோலில் தண்ணீர் கலந்து நிற்பதும் அதிகம். அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் 1997 அக்டோபர் 12 ஆந் திகதி கலிபோர்னியாக் கடலோரம் விழுந்து இறந்த கதை இதற்குப் பாடம். தனியார் ஒருவர் கட்டிய அந்த விமானத்தில், தாங்கியை மாற்றும் திருகு விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. எட்டாத திருகு என்பதைப் புறப்படுமுன்னரே அவர் கண்டு பேசியுமிருக்கிறார். பெற்றோல் நிரப்பவா என்று கேட்டதற்கு, சிறிது நேரந்தானே பறக்கப்போகிறேன் என்று மறுத்துவிட்டார். வானில் ஒரு தாங்கி வற்றியது. திரும்பித் திருகை எட்ட முயன்றபோது விமானம் கைமீறியது. எல்லாம் முன்னமே தெரிந்திருந்தது. "பிறகு பார்க்கலாம்" என்ற ஒரு சொல்தான் குறுக்கே நின்றது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள்: நம்மூர் வெயிலிலே எஞ்சினுக்குள் பனிக்கட்டி பிடிக்கும்! கார்புரேற்றரின் ஒடுங்கிய கழுத்துக்குள் காற்று விரைந்து பாயும்போதும், பெற்றோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் விழக்கூடும். வெளியே 25 பாகை, காற்றில் ஈரமும் மிகுதி என்றால், அந்த ஈரமே உள்ளே உறைந்து வழியை அடைக்கும். வாடைக் காற்று வீசும் மார்கழி தை மாதத்துத் திருகோணமலையைச் சொன்னதுபோல் இல்லையா? எஞ்சினின் வேகத்தைக் குறைத்து இறங்கும் வேளையில்தான் இது அதிகம். சூடான காற்றை உள்ளே விட ஒரு பிடி உண்டு. நேரத்தோடு அதை இழுத்தால் தீர்ந்தது.

இனி மேகத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிலாத 20 மாணவ விமானிகளை, மேகத்துள் புகுந்தாற்போல வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் விமானத்தைக் கைமீறவிட்டனர். விரைவாக விட்டவர் 20 செக்கனில். அதிகம் தாக்குப்பிடித்தவர் 480 செக்கன். சராசரி 178 செக்கன், அதாவது மூன்று நிமிடம் நிறையவில்லை. காரணம் பயமன்று, காது. நமது உட்செவியிலுள்ள திரவம் மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் சரிந்து சுழன்றுகொண்டிருக்கும். இருப்பவனோ தான் நேரே இருப்பதாகச் சத்தியஞ் செய்வான். அடிவானத்தைக் கண் காணாதபோது உடம்பு பொய் சொல்லும்.

1999 ஜூலை 16 ஆந் திகதி இரவு, அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் மகன், மனைவியும் மனைவியின் சகோதரியும் உடனிருக்க, தன் சிறு விமானத்தைத் தானே ஓட்டிச் சென்று, புகார் படிந்த கடலின் மேல் இவ்வாறே திசை மயங்கி வீழ்ந்தார். மூவரும் இறந்தனர். 2001 செப்டெம்பர் 30 ஆந் திகதி இந்தியத் தலைவர் மாதவராவ் சிந்தியா கான்பூரில் கூட்டமொன்றில் பேசச் செல்கையில், உத்தரப் பிரதேசத்தில் மோசமான வானிலையினூடே அவரது சிறு விமானம் வீழ்ந்து, அதிலிருந்த எண்மரும் மாண்டனர். கூட்டம் காத்திருக்கிறது, விருந்து காத்திருக்கிறது, போய்ச் சேராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற நெருக்கடி, விமானியின் தோளில் ஏறும் பாரங்களுள் மிகப் பெரியது என்று இத்துறையினர் சொல்லுகிறார்கள்.

அந்த இலினோய்ச் சோதனையின் இரண்டாம் பாகத்தைப் பலர் சொல்வதில்லை. அதே மாணவர்களுக்குச் சில மணி நேரம் ஒரேயொரு காரியம் கற்பித்தார்கள்: மேகம் சூழ்ந்துவிட்டால் பதறாமல், கருவியைப் பார்த்து, மெதுவாக அரைவட்டமடித்து வந்த வழியே திரும்பிவிடுவது. அதன்பின் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். ஆகவே கைத்திறமை எட்டாததன்று. எட்டாதது மனம். திரும்புவது தோல்வி என்று நாம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். நமது கொட்டியாரக் குடாவில் வள்ளம் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். மேற்கே கறுத்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு வெறுங்கையோடு கரையேறுவார். அவரைக் கோழையென்று எவரும் சொல்வதில்லை. விமானிக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

இங்கே அமர்ந்திருக்கும் வாலிபர் சிலர் விமானம் ஓட்டும் ஆசையோடு இருப்பது எனக்குத் தெரியும். அவர்களது தாய்மார் பின்வரிசையில் இருப்பதும் தெரியும். பேச்சுத் தொடங்குமுன் ஓர் அம்மா என்னிடம் வந்து, "தம்பி, மேலே போகிற விமானத்தின் சத்தம் திடீரென்று அடங்கிப்போகிறது, பிறகு பெரிதாகக் கேட்கிறது. அது விழப்போகிறதோ என்று நெஞ்சு பதறுகிறது" என்றார். அம்மா, பெரும்பாலும் அது பாடம். போதனாசிரியர் வேண்டுமென்றே எஞ்சினின் விசையைக் குறைத்து, "எஞ்சின் நின்றுவிட்டது, இப்போது எங்கே இறங்குவாய்?" என்று கேட்பார். மாணவன் முகத்தைத் தாழ்த்திச் சறுக்கிக்கொண்டே தம்பலகாமத்து வயல்களில் ஒன்றைத் தேர்ந்து, காற்று எப்பக்கம் என்று பார்த்து, அதை நோக்கித் திருப்புவான். வயல் சரியானதென்று ஆசிரியர் கண்டதும் விசையை மீண்டும் கொடுப்பார். நீங்கள் கேட்கும் அந்தப் பெரிய சத்தம் அதுதான்.